கரிக்கலாம்பாக்கம் முனையில் கண்ணீர் அஞ்சலி

ரோடுகள் கூடும் கரிக்கலாம்பாக்கம் முனையில், ஊர் எழுந்திருக்கும் முன்பே யாரோ ஒரு பேனரைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சவுக்குக் கட்டையில் ஆள் உயரச் சட்டம். மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'சின்னத்திரை நட்சத்திரம் ஆருஷி'. நடுவே ரோஜா மாலைக்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் சின்ன வளையம், தாடையில் ஒரு மச்சம், பார்த்தால் திரும்பப் பார்க்க வைக்கும் முகம். முதல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். பஸ் வில்லியனூருக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் படம் சென்னைக்கே போய்விட்டது.

செத்துப்போனவளோ அன்று காலை வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியறையில் உட்கார்ந்து, டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியறைதான் ஜெயசித்ராவின் ஆபீஸ். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரிப்பாள், காணாமல் போன டூவீலரைத் தேடுவாள். பொய் எழுதித் தரமாட்டாள் என்று பாகூர் வரைக்கும் ஒரு பேர். உதவியாளன் அரிகரன், கரும்பு போட்ட குடும்பத்தில் பிறந்து கரும்புக்குப் பயந்து ஓடி வந்தவன். வாய் ஓயாது. அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பதை வெட்கப்படாமல் சொல்லுவான்.

ஆருஷியின் சொந்தப் பேர் சுகன்யா. கரிக்கலாம்பாக்கத்துப் பெண். காலேஜ் படிக்கும்போதே ஒரு குறும்படத்தில் தலையைக் காட்டி, அங்கிருந்து சென்னைக்குப் போனவள். முதலில் கதாநாயகிக்குப் பின்னால் பூத்தட்டு பிடித்து நின்றாள். அப்புறம் கதாநாயகியின் தோழி. அப்புறம் ஒரு சீரியலில் இரண்டாவது மருமகள், மாமியாரிடம் அடி வாங்கி அழுவதே வேலை. சீரியலுக்குப் புடவையை நடிகைகள்தான் கொண்டுபோக வேண்டும். வாடகைப் புடவை கட்டி, அதில் கண்ணீர் படாமல் அழக் கற்றுக்கொண்டாள். போன மாதம் அந்த மருமகளைப் பாலில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். கொன்றதே நல்லதாயிற்று, ஒரு சினிமா வந்தது. கதாநாயகி.

இப்போது அந்த சினிமா வாய்ப்பு ஆட்டம் கண்டிருந்தது. கூட வந்திருந்த படக் கம்பெனி மேனேஜர் விவரம் சொன்னார். யாரோ எதிரி செய்த வேலை என்றால் அது அபசகுனம், தயாரிப்பாளர் வேறு பெண்ணைப் போட்டுவிடுவார். பெற்ற அப்பன் கோபத்தில் கட்டியது என்றால் குடும்பச் சண்டை, படத்துக்கு ஒட்டாது. சாயந்திரம் இதே வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பத்திரிகைக்காரர்கள் கூடுகிறார்கள். அதற்குள் ஜெயசித்ரா கையெழுத்துப் போட்டு ஒரே ஒரு வரி தந்தால் போதும், அப்பாதான் கட்டினார் என்று.

சுகன்யாவும் அதைத்தான் சொன்னாள். நடிக்கப் போனதிலிருந்து அப்பா பேசுவதில்லை, தலை முழுகிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அழுகையும் அழகாகத்தான் வந்தது. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு கிளம்பி, பாதிக் கன்னத்தில் நின்று, அடுத்ததையும் கூட்டிக்கொண்டு இறங்கியது. மேக்கப் இல்லாத முகம், ஒரு புள்ளி கூட இல்லாமல் துடைத்து வைத்தது போல இருந்தது.

"விசாரிச்சுட்டுதான் எழுதுவேன்," என்றாள் ஜெயசித்ரா. "எழுதிட்டு விசாரிக்கற பழக்கம் எனக்கு இல்ல."

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்கூட்டியை அரிகரன் ஓட்டினான். முனையில் சட்டம் மட்டும் நின்றது, பேனர் இல்லை. டீக்கடையில் கேட்டார்கள். சுகன்யாவின் அப்பா இருசப்பன் காலையிலேயே வந்து அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனாராம். தானே கட்டிவிட்டுத் தானே மனசு கேட்காமல் அவிழ்த்துவிட்டார் என்பது ஊரின் தீர்ப்பு. இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு பேட்டியில் அந்தப் பெண், எங்கள் வீடு பாண்டிச்சேரி டவுனில், அப்பா பிசினஸ் செய்கிறார் என்று சொன்னதாம். அன்றிலிருந்து இருசப்பன் டீக்கடை டிவி பக்கம் திரும்புவதில்லையாம். ஊருக்கு அதுவே போதுமான சாட்சி.

அரிகரன் செல்போனில் பேனர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மனசே இல்லாமல் அடித்திருக்கிறார்கள் என்று குறைப்பட்டான்.

"போன மாசம் பாகூர்ல ஒரு ஆயா செத்துச்சுக்கா. யாருன்னே எனக்குத் தெரியாது. பேனர்ல என் மூஞ்சி கீது. கூலிங் கிளாஸ் போட்டுக்கினு, போன் பேசற மாதிரி. ஆயாவ வுட எனக்குத்தான் பெரிய படம்."

ஜெயசித்ரா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இதுல யார் மூஞ்சிடா கீது?"

அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், நாலு மூலையும் தேய்த்துப் பார்த்தான். யார் முகமும் இல்லை. ஒரு பேர் கூட இல்லை.

நம் பக்கத்துப் பேனர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? காதுகுத்தாகட்டும், கருமாதியாகட்டும், கட்டினவன் தன் முகத்தைப் போடாமல் விடமாட்டான். முகத்தைப் போடாதவன் இந்த ஊர்க்காரனே இல்லை. அதிலும், மகளைத் தலை முழுகுகிற அப்பன் ஊருக்குத் தெரியத்தானே முழுகுவான்? தன் பேரை மறைத்துக்கொண்டு எதற்கு முழுக வேண்டும்? சுகன்யா என்று பேர் வைத்தவர், தான் வைத்த பேரை விட்டுவிட்டு ஆருஷி என்றா அடிப்பார்? ஜெயசித்ரா இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அரிகரன் தன் முகம் ஒரு துப்புக்குப் பயன்பட்டதை நினைத்துப் பெருமைப்பட்டான்.

இருசப்பனைக் காலனிக்குப் பின்னால், வீட்டுமனை போட்டிருந்த பிளாட்டில் பிடித்தார்கள். நெல் விளைந்த இடம். அவர் நாற்று நட்ட இடம். இப்போது அதே இடத்தில் குனிந்து, வெள்ளையடித்த எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், கடப்பாரையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நான்தாம்மா வெச்சேன். எழுதிக்கோ."

எந்தக் கடையில் அடித்தீர்கள் என்று கேட்டாள். பாகூர் என்றார். பாகூரில் எங்கே என்றதற்கு, கடையில்தான் என்றார். கடைக்காரருக்குப் படத்தை எதில் அனுப்பினீர்கள் என்றதும், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். எண்கள் தேய்ந்துபோன பட்டன் போன். அதில் படம் எடுக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது.

அரிகரன் அக்காவின் காதோரம் குனிந்தான். "எல்லாரும் நான் இல்ல, நான் இல்லன்னுதான் சொல்லிப் பாத்திருக்கேன். குத்தத்துக்கு எடம் போட்டு வெச்சிக்கினு நிக்கற ஆள இப்பதான்க்கா பாக்கறேன்."

பேனர் எங்கே என்று கேட்டதற்குக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார். ஆனால் பிளாட்டை ஒட்டித் தெரிந்த அவர் வீட்டுப் பின்புறத்தில், ஆட்டுக்கொட்டகையின் மேல் புதுத் துணி வெயிலில் பளபளத்தது. பழைய பேனர் கொட்டகைக்குப் போவது வழக்கம்தான். இது ஒருநாள் கூடப் பழசாகவில்லை. 'அஞ்சலி' என்ற எழுத்து தலைகீழாகத் தொங்கியது.

கொட்டகை வரைக்கும் நடந்தார்கள். எழுத்து இருந்த துண்டுகள் மட்டும்தான் மேலே கிடந்தன. முகம் இருந்த நடுப்பகுதியைக் காணோம். ஜெயசித்ரா கேட்கவில்லை, பார்த்தாள் அவ்வளவுதான். இருசப்பன் வீட்டுக்குள் போய், வெளுத்த வேட்டியில் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்து பிரித்தார். மாலையையும் விளிம்பையும் விட்டுவிட்டு, முகத்தை மட்டும் சுற்றிலும் அரிவாள்மணையில் அறுத்து எடுத்திருந்தார்.

"மூஞ்சிய ஆட்டுக்கு மேல போட மனசு வரல," என்றார். பிறகு கட்டைவிரலால் அந்தத் தாடையைத் தேய்த்தார். "இது மட்டும் போவ மாட்டேங்குது. சோப்பு போட்டுக்கூடத் தொடச்சேன். எம் பொண்ணுக்கு இங்க மச்சம் கெடையாது."

"நீங்க குடுத்து அடிச்ச படம்னா, அழுக்குன்னு நெனச்சு நீங்களே எதுக்குண்ணே தொடைக்கணும்?" என்றாள் ஜெயசித்ரா.

அவர் கை நின்றது. முகத்தை மறுபடி வேட்டியில் சுற்றினார். பிறகு, எழுதிக்கொள் அம்மா, நான்தான் சொல்கிறேனே என்றார். ஒப்புக்கொள்கிறவன் குரலாக அது இல்லை. தானம் கேட்கிறவன் குரல். வேறு மாதிரி எழுதினால் கோயிலில் நின்று கூட உன்னைப் பொய்க்காரி என்று சொல்லுவேன் என்றும் சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஜெயசித்ரா மச்சத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். காலையில் பார்த்த முகத்தில் மச்சம் இல்லை. சீரியலிலும் கிடையாது என்று அரிகரன் தன் அம்மா மேல் சத்தியம் செய்தான். அப்படியானால் யாரோ வைத்த மச்சம். வேஷத்துக்கு வைத்தது. எந்த வேஷத்துக்கு?

மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு பெரிய தட்டி. படத்தின் முதல் போஸ்டர், சாயந்திரம்தான் திறப்பார்களாம், அதுவரை வெளியாட்கள் யாருக்கும் காட்டவில்லையாம். அரிகரன் செருப்பு வார் அறுந்தவன் போலத் தட்டியோரம் குனிந்து, துணியின் ஓரத்தைத் தூக்கினான். அதே சிரிப்பு. அதே மூக்கு வளையம். தாடையில் அதே மச்சம்.

"யக்கா," என்றான். "இந்தப் பொண்ணு காலையில செத்துச்சு. சாயந்திரம் ரிலீஸ் ஆவுது."

வேஷம் பொருந்துகிறதா என்று பார்க்கக் கம்பெனி எடுத்த படம் அது. கம்பெனியிடம் மட்டும் இருந்த படம். சுகன்யாவுக்கு ஆயிரம் சீரியல் படம் இருக்கும்போது, ஒளித்து வைத்த இதையா போய்ப் பேனரில் போட வேண்டும் என்று அரிகரன் கேட்டான். அங்கேதான் கம்பெனிக்காரர்கள் மாட்டினார்கள் என்றாள் ஜெயசித்ரா. சீரியல் படமெல்லாம் டிவிக்காரன் சொத்து. அனுமதி கேட்காமல் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். சாவு பேனரிலும் உரிமைக்குப் பயந்து சொந்தப் படத்தைப் போட சினிமாக்காரனால்தான் முடியும்.

மணமகள் அறை என்று எழுதியிருந்த கதவைத் தள்ளினாள் ஜெயசித்ரா. உள்ளே சுகன்யா மட்டும் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். மேக்கப் முடிந்திருந்தது. நல்ல செய்தி கொண்டுவந்தவளாகத்தான் ஜெயசித்ரா பேச ஆரம்பித்தாள். உன் அப்பா கட்டவில்லை, கம்பெனிதான் கட்டியது, படம் அவர்களுடையது, மச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தவளுக்குப் பேச்சு நின்றது. கண்ணாடிக்குள் இருந்த முகத்தின் தாடையில், இப்போதுதான் வைத்த மச்சம் ஈரமாகப் பளபளத்தது. அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள் ஜெயசித்ரா. "இந்த மச்சத்த அன்னிக்கு வெச்சப்ப, கண்ணாடியில பாத்துக்கினு இருந்ததே நீதான. பேனர் படத்தப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும்."

சுகன்யா மறுக்கவில்லை. பேனர் கட்டினது முதலில் தெரியாதாம். படத்தைப் பார்த்ததும் மேனேஜரைக் கேட்டாளாம். பேர் தெரியாத பெண்ணைப் பார்க்க எவனும் தியேட்டருக்கு வரமாட்டான், பெற்ற அப்பனே உயிரோடு அஞ்சலி பேனர் கட்டின பெண் என்றால் ஊரே வரும் என்று அவர் சொன்னாராம். நீ மாட்டேன் என்றால் அபசகுனம் என்று சொல்லி வேறு பெண்ணைப் போட்டுக்கொள்கிறோம், எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாராம். பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அப்பாவுக்குத் தானே போன் செய்தாளாம். பேசி வருஷக்கணக்கில் ஆன அப்பா, முழுசாகக் கேட்கக்கூட இல்லாமல் சரி என்றாராம்.

"உங்கப்பா எப்படி கீறாருன்னு கேட்டியா?"

சுகன்யா கண்ணாடியிலிருந்து திரும்பினாள்.

"பூத்தட்டு புட்ச்சிக்கினு நின்னப்ப என் பேர ஒருத்தன் கேக்கலக்கா. ஏய் தட்டு, கொஞ்சம் நவுருன்னுவாங்க. கேக்க ஆரம்பிச்சப்ப, எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டாங்க. டவுனு, பிசினஸுன்னு சொன்னேன். சொன்னதும் நாற்காலி குட்த்தாங்க. சீரியல்ல தெனம் செத்தேன், எவனும் திரும்பிப் பாக்கல. இன்னிக்கு ஒரு நாள் பேனர்ல செத்தேன், மெட்ராஸே என் பேரச் சொல்லுது. இத வுட்டுட்டு நான் எங்க போவ? திரும்ப தட்டு புடிக்கவா?"

கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மை துளியும் கலையவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. டிஷ்யூவை எடுத்து, மச்சத்தின் மேல் படாமல் துடைத்துக்கொண்டாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அந்த அறையில் ஏசி ஓடவில்லை.

ஒரு வரி எழுதித் தர முடியாது என்று ஜெயசித்ரா சொன்னாள். வேண்டாம் அக்கா, நானே சொல்லிக்கொள்கிறேன், வசனம் பாடமாகிவிட்டது என்றாள் சுகன்யா. வெளியே கேமராக்கள் வந்துகொண்டிருந்தன. அங்கே போய் உண்மையைச் சொல்லலாம்தான். யாருக்காகச் சொல்வது? பழி போடுகிறவளுக்கும் அது வேண்டாம், பழி சுமக்கிறவருக்கும் வேண்டாம். சொன்னால் பெண்ணின் படம் போகும், அப்பன் கோயிலில் நின்று பொய்ச் சத்தியமும் செய்வார். ஜெயசித்ரா மணமகள் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

சாயந்திரம் கரிக்கலாம்பாக்கம் டீக்கடை டிவியில் சுகன்யா அழுதாள். ஊர் முழுக்க அங்கே நின்றது. எங்கப்பா என்னை உயிரோடு புதைத்துவிட்டார், ஆனாலும் அவர் நல்லா இருக்கணும் என்று கை கூப்பினாள். இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு கிளம்பியது, நின்றது, சேர்ந்து இறங்கியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டத்தின் கடைசியில் இருசப்பன் வந்து நின்றதைப் பார்த்ததும், பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்தார்கள். யாரோ தரையில் காறித் துப்பினார்கள். அவர் தலையைத் தூக்கி, எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த டிவியைப் பார்த்தார்.

ஜெயசித்ராவும் அரிகரனும் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். பிளாட்காரர் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பேப்பர்காரர்கள் வந்து படம் எடுத்தால் பிளாட்டின் பேர் கெட்டுவிடுமாம். அதை வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். கண் டிவியை விட்டு நகரவில்லை.

"நல்லா நடிக்குது," என்றார். "சின்ன வயசுலேர்ந்தே அது நெஜமா அழுதா கண்ணுல தண்ணி வராதும்மா. மூக்குதான் ஒழுவும். அவங்க அம்மா போனப்பகூட அப்படித்தான். இது இன்னா தண்ணி, இந்த ஊத்து ஊத்துது. நல்லா கத்துக்கிச்சு."

ஜெயசித்ரா அவர் பக்கம் திரும்பினாள்.

"மத்தியானம் மூக்கு ஒழுவுச்சுண்ணே," என்றாள் மெதுவாக. "நான் பாத்தேன்."

இருசப்பன் அவளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, திரும்பவும் தோளிலேயே போட்டுக்கொண்டார். "துணைக்கு யாருனா இருந்தாங்களா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் டிவியில் மஞ்சள் துணியை விலக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. அவர் வீட்டில் வேட்டியில் சுற்றி வைத்திருக்கும் அதே முகம், மாலை இல்லாமல், மச்சத்தோடு, ஊரைப் பார்த்துச் சிரித்தது.